நாற்பத்திரண்டு கதவுகள்

2016 ஜூன் மாதத்தில் என் பெரியம்மாவை முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்த்த அன்று, அவருடைய அறையைத் தேடிக்கொண்டு அந்த நீண்ட நடைவழியில் கதவு கதவாகப் பார்த்தபடி போனேன். ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறிய சட்டத்துக்குள் அட்டை செருகியிருந்தார்கள். உள்ளே இருப்பவரின் பெயர் அதில் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. மொத்தம் 42 கதவுகள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நினைவில் நின்ற பெயர்களை எழுந்து உட்கார்ந்து ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். அடுத்த வாரம் போனபோது விட்டுப்போனவற்றையும் சேர்த்தேன். பெரியம்மா இனி யார் யாருக்கு நடுவில் வாழப்போகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் அவரை அங்கே விட்டுவர மனம் ஒப்பவில்லை. எழுதியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

2019 ஜனவரியில் பெரியம்மா இறந்தபோது அந்தக் குறிப்பேட்டில் 118 பெயர்கள் இருந்தன. முதலில் எழுதிய 42 பேரில் 9 பேர்தான் அங்கே மிச்சம். இடைப்பட்ட 31 மாதங்களில் எந்த நாளில் யார் போய் எண்ணியிருந்தாலும் 40 பேர், 41 பேர், மிஞ்சினால் 42 பேர் என்றுதான் கணக்கு வந்திருக்கும். பராமரிப்பு இல்லத்தில் வாழும் முதியோர் என்றால் ஊருக்கு வெளியே எங்கோ தனித்திருக்கும் ஒரு சிறு கூட்டம் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை, கதவில் மாறிக்கொண்டே இருந்த அட்டைகள்தாம் எனக்குக் காட்டின.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை என்றே பொருள் கொள்கிறோம். 'முதியோர் இல்லம்' என்றாலோ, தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடிய வயதானவர்கள் சேர்ந்து தங்கும் இடம் என்ற எண்ணம்தான் பலருக்கு வருகிறது. நான் எழுதுவது இந்த இரண்டையும் பற்றி அல்ல. எழுந்து உட்காரவும், கழிப்பறைக்குப் போகவும், சிலர் உண்ணவும்கூட இன்னொருவரின் கை தேவைப்படுகிற நிலையில், செவிலியரும் உதவியாளர்களும் இரவும் பகலும் இருக்கிற ஓரிடத்தையே வீடாகக் கொண்டு வாழ்கிறவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

இவர்களைப் பற்றிய கணக்குகள் மிக விரிவாகவும் நெடுங்காலமாகவும் எடுக்கப்பட்டிருப்பது அமெரிக்காவில் என்பதால், எண்களுக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. 2016இல் அந்நாட்டில் ஏறத்தாழ 15,600 பராமரிப்பு இல்லங்களில் சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம் பேர் இருந்தார்கள். 65 வயதைக் கடந்தவர்களின் மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. இந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்க்கிற எவருக்கும், இது நமக்கு நேரப்போவதில்லை என்ற ஆறுதல் தானாகவே வந்துவிடும். 1973இலேயே ராபர்ட் காஸ்டன்பாம், சாண்ட்ரா கேண்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஆறுதலுக்கு 'நான்கு சதவீதப் பிழை' என்று பெயர் வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் முதியோரில் நூற்றுக்கு 4 பேர்தான் இல்லங்களில் இருக்கிறார்கள் என்று அக்காலத்தில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் அந்த நாள் கணக்கை விட்டுவிட்டு, டெட்ராய்ட் வட்டாரத்தில் இறந்த முதியவர்களின் இறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பராமரிப்பு இல்லத்தில் உயிர்விட்டிருந்தார். பாலத்தடியில் ஒரு நொடியில் நிற்கும் நீரை அளந்துவிட்டு ஆறே அவ்வளவுதான் என்று சொல்வதைப் போன்றது அந்த நான்கு சதவீதக் கணக்கு.

ஒருவரது வாழ்நாளை முழுமையாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் எண் இன்னும் உயர்கிறது. 57 முதல் 61 வயது வரை உள்ள அமெரிக்கர்களில் 56 சதவீதம் பேர் தம் வாழ்நாளில் ஓர் இரவாவது பராமரிப்பு இல்லத்தில் கழிப்பார்கள் என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் உடலைத் தேற்றிக்கொள்ளப் போகிறவர்களும் இதில் அடக்கம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சில வாரக்காரர்களையும் கடைசிவரை இருப்பவர்களையும் பிரிக்கும் கோடு வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைப் போல உறுதியானதல்ல. என் பெரியம்மா சில வாரக்காரராகத்தான் போனார். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு வாரம் பிசியோதெரபி செய்துகொண்டு வீடு திரும்புவது என்று ஏற்பாடு. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதையோ, பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை என்பதையோ நானும் என் தம்பியும் அப்போது அறிந்திருக்கவில்லை. ஆறு வாரம் பன்னிரண்டு வாரமானது. மாடிப்படி ஏற முடியாது, இரவில் தனியாக எழ முடியாது, பகலில் வீட்டில் ஆள் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒருநாள்கூட 'இனி இங்கேதான்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, அவர் அந்த 42 பேரில் ஒருவராகிவிட்டார். எங்களைப் போன்ற பல குடும்பங்களை அங்கே சந்தித்தேன். முடிவெடுத்துச் சேர்த்தவர்களைவிட, முடிவு தானாக நேர்ந்துவிட்டவர்களே அதிகம்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதை நான் பெரியம்மா இறந்த பிறகே படித்தேன்; முன்பே படித்திருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன். பராமரிப்பு இல்லத்தில் இறந்தவர்களைப் பற்றி 2010இல் வந்த ஆய்வு ஒன்றில், அவர்களில் பாதிப் பேர் அங்கே சேர்ந்து 5 மாதங்களுக்குள் இறந்திருந்தார்கள். ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அந்தப் பாதி 3 மாதத்திலேயே வந்துவிடுகிறது. பெண்களுக்கு 8 மாதம். 'முதலில் அங்கே பழகட்டும், பிறகு அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று முதல் சில மாதங்களைத் தள்ளிப்போடும் உறவினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று வாரம் நானே அப்படித்தான் இருந்தேன். தள்ளிப்போடுகிற அந்த மாதங்கள்தாம் பலருக்கு முழுக் கணக்கும்.

அந்த நடைவழியில் ஆண்களின் பெயர்கள் குறைவாகவே இருந்தன. எங்கும் இதுதான் நிலை. அமெரிக்கக் கணக்கிலும் மூவரில் இருவர் பெண்கள். பெண்களுக்கு ஆயுள் அதிகம் என்பது மட்டுமே இதற்குக் காரணமல்ல. கணவன் படுத்தால் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அவன் பெரும்பாலும் தன் வீட்டிலேயே, அவள் கையிலேயே கடைசி நாட்களைக் கழித்துவிடுகிறான். அவள் படுக்கும்போது பார்த்துக்கொள்ள அவன் இருப்பதில்லை. நான் பேசிப்பழகிய பெண்களில் ஏறத்தாழ எல்லாரும், தாம் அங்கே வருவதற்கு முன் வேறு யாரையாவது ஆண்டுக்கணக்கில் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டி அனுப்பிவைத்தவர்கள். பெரியம்மாவும் பெரியப்பாவை, பக்கவாதம் வந்தபின் ஆறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர்.

என்னென்ன வேலைகளுக்கு இன்னொருவர் கை வேண்டும் என்பதைக் கொண்டுதான் இவர்களின் நிலை அளக்கப்படுகிறது. அந்த அளவுகோலை 1963இல் வெளியிட்டவர் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, உண்பது என்று ஆறு வேலைகள். கிளீவ்லாந்தில் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைக் கவனித்துவந்தபோது, அவர்கள் தேறிவரும் வரிசை பலரிடம் ஒன்றாகவே இருப்பதை அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். உண்பதும் அடக்குவதும் முதலில் திரும்புகின்றன. பிறகு எழுந்து மாறுவதும் கழிப்பறைக்குப் போவதும். கடைசியாகத்தான் தானே உடுத்துவதும் குளிப்பதும். ஒரு குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையும் ஏறத்தாழ இதுவே என்று அவர்கள் குறித்துவைத்தார்கள். இழக்கும்போது வரிசை தலைகீழாகிறது. அதனால்தான் இல்லங்களில் இருப்பவர்களில் ஏறத்தாழ அனைவருக்குமே குளிக்க உதவி தேவைப்படுகிறது. உண்ண உதவி தேவைப்படுகிறவர்களோ பத்தில் ஆறு பேர்தான்.

இந்த வரிசையைப் படித்தபோது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியம்மாவிடம் ஒவ்வொன்றும் கழன்றபோது அதை அவருடைய பிடிவாதமாகவோ எங்கள் கவனக்குறைவாகவோ நினைத்து நானும் தம்பியும் ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். அது உடலின் ஒரு ஒழுங்கு என்று தெரிந்தபின் அடுத்து வருவதற்குத் தயாராக முடிந்தது. ஆனால் குழந்தையோடு வைத்த அந்த ஒப்பீட்டைச் சிலர் பிடித்துக்கொண்டு விடுகிறார்கள். கொஞ்சும் குரலில், பாதிச் சொற்களில், 'நாம இப்போ குளிக்கப் போறோமா, சமர்த்துக் கண்ணு' என்று எழுபது எண்பது வயதுக்காரர்களிடம் பேசுகிறார்கள். அன்பால்தான் பேசுகிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், மறதிநோய் உள்ளவர்கள்கூட இப்படிப் பேசும்போது உதவியை எதிர்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கையைத் தட்டிவிடுவதும் கூடுகின்றன என்று ஆய்வாளர்கள் ஒளிப்பதிவுகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பெரியம்மா 34 ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். 'அம்மா, குளிக்கப் போகலாமா?' என்று ஓர் உதவியாளர் மட்டும் கேட்பார். அவரிடம் பெரியம்மா ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை.

அவர் அங்கே சேர்ந்து எட்டாவது மாதம் நடந்ததை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. வழக்கமான மதிப்பீட்டுக்கு ஒருவர் வந்திருக்கிறார். மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்பது, இன்று என்ன கிழமை, இது எந்த ஆண்டு என்று கேட்பது ஆகியவை அதில் அடங்கும். பெரியம்மா எதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. தலையை ஆட்டினாராம், சிரித்தாராம், ஒருமுறை தன் பெயரைச் சொன்னாராம். 'கடுமையான நினைவிழப்பு' என்று குறித்துவிட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவரைச் செய்தித்தாள் வாசிக்கும் குழுவில் உட்காரவைப்பதை நிறுத்திவிட்டார்கள். நடைவழியின் கடைசியில், நாள் முழுவதும் தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு விவரம் தெரிந்தது. அவருடைய காதுக் கருவியை எடுத்துப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. 312 என்று எண்ணிட்ட, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பேட்டரி அது. அதிகம் போனால் பத்து நாள் தாங்கும். கடைசியாக நான் மாற்றி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் ஊரில் இல்லாத இரண்டு சனிக்கிழமைகள் நடுவில் வந்துவிட்டன. வேறு யாருக்கும் அதை மாற்ற வேண்டும் என்று தெரியவில்லை.

புதிய பேட்டரியைப் போட்டு, மீண்டும் ஒருமுறை மதிப்பீடு செய்யச் சொல்லி எழுதிக் கேட்டேன். அவர்கள் மறுக்கவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இம்முறை நானும் பக்கத்தில் இருந்தேன். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரும்படி கேட்டார்கள். 93, 86, 79, 72, 65 என்று ஐந்து முறை கழித்தால் போதும், அத்துடன் கேள்வி முடிந்துவிடும். பெரியம்மா நிறுத்தவில்லை. 58, 51, 44 என்று ஒரே சீராக இறங்கிக்கொண்டே போய், 2 என்று முடித்துவிட்டு, 'இதற்கு மேல் போகாது' என்றார். அன்று மாலை, முதல்முறை என்ன நடந்தது என்று கேட்டேன். 'அவர் உதடு அசைந்தது. இரண்டு முறை என்ன என்று கேட்டேன். மூன்றாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது, சிரித்துவிட்டேன்' என்றார்.

இல்லங்களில் வாழ்வோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறதிநோய் இருப்பதாகப் பதிவுகள் சொல்கின்றன. அந்த எண்ணை நான் ஏற்கிறேன்; அந்த நடைவழியில் அதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனாலும், வயதானவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காது மந்தமாகிறது என்பதையும், கருவிகள் படுக்கை விரிப்போடு சலவைக்குப் போய்த் தொலைகின்றன என்பதையும், மூக்குக் கண்ணாடிகள் அறை மாறிப்போகின்றன என்பதையும் அறிந்தபின், எந்த மதிப்பீட்டைப் பார்த்தாலும் 'கேட்டதா, தெரிந்ததா?' என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது.

எடைக் கணக்கும் இப்படித்தான். மாதம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். 30 நாளில் 5 சதவீதம் குறைந்தாலோ, 180 நாளில் 10 சதவீதம் குறைந்தாலோ கவனிக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. ஒரு மாதம் பெரியம்மா 46 கிலோவிலிருந்து 43.5 கிலோவுக்கு இறங்கினார். பசியில்லை என்று சத்துமாவுப் பானம் எழுதிக்கொடுத்தார்கள். உண்மையில் பல்செட் தளர்ந்து ஈறு புண்ணாகியிருந்தது. முதலில் சற்று மெலிந்ததில் பல்செட் தளர்ந்தது. பல்செட் தளர்ந்ததில் மேலும் மெலிந்தார். வாயைத் திறந்து பார்த்தவர், நான் மேலே சொன்ன அதே உதவியாளர்.

அவர் ஏன் பார்த்தார், மற்றவர்கள் ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கமாட்டேன், ஏனென்றால் அவர்களின் நேரத்தை நான் கையில் கடிகாரத்தோடு கணக்கிட்டிருக்கிறேன். காலை 7 மணிக்கு ஷிஃப்ட் மாறும். ஓர் உதவியாளருக்குப் பத்துப் பேர். 10 மணிக்குள் பத்துப் பேரையும் எழுப்பி, கழிப்பறைக்கு அழைத்துப்போய் அல்லது டயப்பர் மாற்றி, குளிப்பாட்டியோ துடைத்தோ விட்டு, உடை மாற்றி, காலை உணவைக் கொடுத்துவிட வேண்டும். 180 நிமிடம், பத்துப் பேர். ஆளுக்கு 18 நிமிடம். கையைச் சட்டைக்குள் நுழைக்கத் தானே முயல்கிறவருக்கு ஐந்து நிமிடம் தேவை. அதை அவருக்காக நாம் செய்துவிட்டால் ஒரு நிமிடம்தான். அந்த நான்கு நிமிடம் இல்லாததால் அவருடைய கை செய்யக்கூடியதை நாம் செய்துவிடுகிறோம். சில மாதங்களில் அந்தக் கைக்கு அது மறந்துபோகிறது. காட்ஸ் கண்ட வரிசை உடலின் வரிசைதான், ஆனால் அதன் வேகத்தில் ஆட்கள் பற்றாக்குறைக்கும் பங்குண்டு. நெடுங்காலம் தங்குவோருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரப் பராமரிப்பு வேண்டும், அதற்குக் கீழே போகப் போகத் தீங்கு கூடுகிறது என்று 2001இல் அமெரிக்க அரசுக்கு அளிக்கப்பட்ட ஆய்வறிக்கை ஒன்று சொல்லியிருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விடுகிறது. ஊதியமோ எங்கும் குறைவு. அந்த 31 மாதங்களில் கதவுகளில் பெயர் மாறிய வேகத்துக்குச் சற்றும் குறையாமல் உதவியாளர்களும் மாறினார்கள்.

ஊட்டுவது எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடிக்கும் வேலை. விழுங்குவது கடினமாகிவிட்டவர்களுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, வாய்க்குள் மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் குழாய் போட்டுவிடலாம் என்ற பேச்சு எழும். மறதிநோய் முற்றியவர்களுக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது ஆயுளை நீட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை என்று மருத்துவ உலகம் 1990களின் இறுதியிலிருந்தே சொல்லிவருகிறது. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. எதிர் அறையில் இருந்த ஓர் அம்மாளுக்கு அவருடைய மகன் வேலை முடிந்து தினமும் இரவு வந்து ஊட்டினார். ஒரு சொல்கூடப் பேசமாட்டார். கரண்டியை எடுப்பார், காத்திருப்பார், மறுபடியும் எடுப்பார். அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது படுக்கைப் புண் வராமல் தடுப்பதற்கான பழைய விதி. அதற்காக நல்ல தூக்கத்தில் இருப்பவர்களை எழுப்பிவிடுவார்கள். பெரியம்மா பகலெல்லாம் தூங்கி வழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 இல்லங்களில் 942 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருப்பவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினாலும் 3 மணி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினாலும் புண் வருவதில் வேறுபாடு காணப்படவில்லை. எல்லாருக்கும் இது பொருந்தாது. தோலைப் பார்த்து செவிலியர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேட்டுப் பார்க்கலாம் என்று தெரிந்திருந்தால் நான் கேட்டிருப்பேன்.

கட்டிப்போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது முழுவதுமாகக் கடந்துபோன காலமாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தோடு. விழுந்துவிடுவார்கள் என்று சொல்லி நாற்காலியோடும் கட்டிலோடும் பட்டைகளால் கட்டிவைப்பது ஒரு காலத்தில் எங்கும் இயல்பாக இருந்தது. வசதிக்காகவோ தண்டனையாகவோ கட்டக் கூடாது என்பது அமெரிக்காவில் சட்டமானது 1987இல்தான். கயிறு போன இடத்தில் மருந்து வந்தது. மனநோய்க்கான மருந்துகளை மறதிநோயாளிகளை அமைதிப்படுத்தக் கொடுப்பது இறப்பை அதிகரிக்கிறது என்று 2005இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. உங்கள் வீட்டு முதியவர் ஓர் இல்லத்தில் இருந்தால் அவருடைய மருந்துப் பட்டியலை வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கேளுங்கள். 2020இல் பெருந்தொற்று வந்து கதவுகள் மூடப்பட்டபோது, பல நாடுகளில் முதல் அலை இறப்புகளில் மிகப் பெரிய பங்கு இந்த இல்லங்களில் நேர்ந்தது. என் குறிப்பேட்டில் மிஞ்சியிருந்த பெயர்களை நினைத்தபடி நான் செய்திகளைப் படித்தேன்.

1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஓர் இல்லத்தின் இரண்டு தளங்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், தம் அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கலாம் என்று சொல்லி, ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே தண்ணீர் ஊற்றி வளர்க்கும்படி கொடுத்தார்கள். அடுத்த தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் அதைப் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள். முதல் தளத்தினர் கூடுதல் விழிப்போடும் உற்சாகத்தோடும் இருந்தார்கள் என்பதுதான் முடிவு. நூறு பேருக்கும் குறைவானவர்களை வைத்துச் செய்த சிறிய சோதனை என்பதால் அதன்மேல் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்ற நான் விரும்பவில்லை. என்னை அதைவிட ஆழமாகத் தொட்டது அதே ஆண்டு ரிச்சர்ட் ஷுல்ஸ் செய்த ஆய்வு. ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கல்லூரி மாணவர்கள் போய்ப் பார்த்தார்கள். எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே அறிந்தவர்களும், எப்போது வர வேண்டும் என்று தாமே சொன்னவர்களும் நன்றாகத் தேறினார்கள். மாணவர்கள் நினைத்தபோது வந்துபோனதில் அந்தப் பலன் இல்லை. ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவதை நிறுத்தினார்கள். 1978இல் தொடர்ந்து பார்த்தபோது, நன்றாகத் தேறியிருந்த அந்த இரண்டு குழுவினர்தாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சரிந்திருந்தார்கள்.

இதைப் படித்த அன்று, நான் ஊரில் இல்லாத அந்த இரண்டு சனிக்கிழமைகளை நினைத்தேன். அதன்பின் சனிக்கிழமை மாலை 4 மணியை நான் தவறவிட்டதில்லை; வர முடியாவிட்டால் தம்பி போவான், யார் வருவார் என்பதை முந்தின நாளே அவருக்குச் சொல்லிவிடுவோம். அவருடைய கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாளையும் ஒட்டினேன். எந்தக் காதில் நன்றாகக் கேட்கும், கருவியின் பேட்டரியை எந்தக் கிழமை மாற்ற வேண்டும், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், இரவில் விளக்கு எரிய வேண்டுமா, எதைக் கண்டால் பயம், என்ன வேலை பார்த்தார், எதைப் பற்றிப் பேசினால் முகம் மலரும் என்று பெரிய எழுத்தில் பதினொரு வரிகள். உதவியாளர்கள் மாறியபோதெல்லாம் புதிதாக வந்தவர் முதலில் அந்தத் தாளின் முன்னால் நின்று படித்தார். ஒருவர் தன் வீட்டுச் செலவுக் கணக்கை அவரிடம் கொண்டுவந்து காட்டி, எங்கே பிசகுகிறது என்று கேட்டாராம். பெரியம்மா அதை எனக்கு மூன்று வாரம் சொன்னார்.

கடைசி மாதத்தில் அவர் உண்பதையும் நிறுத்திவிட்டார். குழாய் வேண்டாம் என்பதை, நினைவு தெளிவாக இருந்தபோதே அவர் எங்களிடம் சொல்லியிருந்தார். நாங்கள் அதைக் கேட்டுவைத்திருந்தது எங்கள் நல்லூழ். வாயை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்தார்.

பொருட்களை எடுத்துவரப் போனபோது கட்டிலில் புதிய விரிப்பு போட்டிருந்தார்கள். மறுநாள் வேறொருவர் வருகிறார் என்றார்கள். மிச்சமிருந்த பேட்டரிகளை, யாருக்காவது பொருந்தும் என்று அந்த உதவியாளரிடம் கொடுத்தேன். சுவரிலிருந்த தாளைக் கிழிக்கப் போனபோது அவர் தடுத்தார். அதைப் போலவே ஒன்றை, பெரியம்மாவைப் பற்றிய பதில்கள் இல்லாமல், கேள்விகளை மட்டும் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். வருகிறவருடைய மகளிடம் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை வாங்கி எழுதத் தொடங்கினேன். முதல் வரி, 'எந்தக் காதில் நன்றாகக் கேட்கும்?'